ஒயினைப் படிக்கும் வரிசை: கொங்கு நாட்டில் இருந்துகொண்டு தொடங்குபவருக்கு

கோவையில் ஹோட்டல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒயின் பரிமாறக் கற்றுக்கொடுப்பது என் வேலை. கோபி, தாராபுரம், ராசிபுரம், காங்கேயம் என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். முக்கால்வாசிப் பேர் முதல் வாரமே பிரான்ஸ் வரைபடத்தை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். போர்தோ, பர்கண்டி, ஷாம்பெயின் என்று நாற்பது பெயர் சொல்வார்கள். கிளாஸைக் கையில் கொடுத்து என்ன வாசம் என்று கேட்டால், "நல்லா இருக்குங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

வரிசை மாறிப்போனதுதான் காரணம். முதலில் மூக்கும் நாக்கும், பிறகு திராட்சை, அதன் பிறகு தயாரிக்கும் முறை, கடைசியில் ஊர். இந்த வரிசையில் வந்தவர்கள் மூன்று மாதத்தில் தெளிவாகிவிடுகிறார்கள். கீழே அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் சட்டம்

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்கள் மது வாங்கவோ குடிக்கவோ கூடாது. வீட்டில் திராட்சையை ஊறப்போட்டு ஒயின் செய்வதும் உரிமம் இல்லாமல் கூடாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. வெளிமாநிலத்திலிருந்து பாட்டில் கொண்டுவருவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அதனால் இந்த வழிகாட்டியில் செய்முறை கிடையாது. எப்படிச் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ள எதையும் புளிக்க வைக்கத் தேவையும் இல்லை. 21 ஆகாதவர்களும் மது தொடாதவர்களும் படி 3, 5 ஆகிய இரண்டையும், படி 4-இல் பால், தேநீர், புளியை வைத்துச் செய்யும் பயிற்சிகளையும் தாராளமாகச் செய்யலாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

மேல்வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ் இரண்டு. ஒன்று போதாது, ஏன் என்று படி 6-இல் சொல்கிறேன். வாய் குறுகியிருந்தால்தான் வாசம் உள்ளேயே தங்கும். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் நிறமும் தெரியாது, வாசமும் நிற்காது.

துப்புவதற்கு ஒரு சொம்பு. இதைச் சொன்னதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் தொழிலாகச் செய்பவர்கள் எல்லோரும் துப்பித்தான் பார்க்கிறார்கள். நான்கு கிளாஸ் விழுங்கிய பிறகு ஐந்தாவதைப் பற்றி யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியாது. வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு இது கட்டாயம்.

வெள்ளைத் தாள், நோட்டு, பேனா, தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு. அப்புறம் முக்கியமாக ஆறு பேர். 750 மில்லி பாட்டிலை ஒருவர் வாங்கினால் பணமும் வீண், மிச்சமும் வீண். ஆளுக்கு 50 மில்லி போதும். ஆறு பேர் சேர்ந்தால் ஒரே நாளில் இரண்டு பாட்டிலைத் திறந்து பார்க்கலாம், செலவும் பங்காகிவிடும்.

நேரம் காலை பதினொரு மணி. காலைச் சாப்பாடு அடங்கி, மதியப் பசி தொடங்கும் நேரத்தில் மூக்கு கூர்மையாக இருக்கும். அன்று காபி வேண்டாம். ஊதுபத்தி, சென்ட், தலையில் மல்லிகை எதுவும் கூடாது. ஒருமுறை ஒரு பெண் ஒரு முழம் குண்டுமல்லி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அன்று மேசையில் இருந்த எல்லா ஒயினிலும் மல்லிகை வாசம் வருவதாக ஆறு பேரும் எழுதி வைத்திருந்தார்கள்.

3. மூக்குக்கு இரண்டு வாரம்

மூக்கு தெரியாமல் பாட்டிலைத் திறப்பது, எழுத்து தெரியாமல் செய்தித்தாளைப் பிரிப்பது மாதிரி. மூடி போட்ட சின்ன டப்பாக்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றைத் தனித்தனியாகப் போடுங்கள்: இடித்த மிளகு, கொத்தமல்லி விதை, பன்னீர், ஊத்துக்குளி வெண்ணெய், தேங்காய்த் துருவல், எலுமிச்சைத் தோல், பச்சைக் குடமிளகாய், கொய்யா, பழுத்த பூவன் பழம், நாட்டுச்சர்க்கரை, ஊட்டித் தைலம், நனைந்த சாக்குத் துண்டு. ஒருவர் எடுத்து நீட்ட, மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும்.

இந்தப் பட்டியலை ருசிக்காக எடுக்கவில்லை. ஷிராஸ் திராட்சையில் மிளகு வாசம் தரும் பொருளும், கொல்லிமலை மிளகில் இருக்கும் பொருளும் ஒன்றே; அதன் பெயர் ரோட்டண்டோன். மஸ்கட் வகையில் பூ வாசம் தரும் லினலூல்தான் மல்லி விதையிலும் இருக்கிறது. கேபர்நே சாவின்யோன் முழுதாகப் பழுக்காவிட்டால் குடமிளகாய் வாசம் அடிக்கும். அமெரிக்க ஓக் மரப் பீப்பாயில் இருந்த ஒயினில் தேங்காய் வாசம் வரும். தைலமரத் தோப்பை ஒட்டி வளரும் சில ஆஸ்திரேலியத் திராட்சைகளில் அந்தத் தைலமே ஏறிவிடுகிறது. ஆக நம் சமையலறையிலும் ஊட்டிச் சாலையோரக் கடையிலும் இருப்பவையே ஒயினுக்குள்ளும் இருக்கின்றன.

புதியவர்கள் செய்யும் தவறு, புத்தகத்தில் இருக்கும் பிளாக்கரண்ட், கூஸ்பெரி போன்ற பழங்களின் பெயரை எழுதுவது. பார்த்தே இராத பழத்தின் வாசம் எப்படித் தெரியும்? சத்தியமங்கலத்துப் பையன் ஒருவன் ஷிராஸ் கிளாஸை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தான். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, வீட்டில் எங்கே இந்த வாசம் வரும் என்று கேட்டேன். "எங்கம்மா ரசத்துக்கு மிளகு தட்டுவாங்கல்லங்ணா, அப்ப வருமுங்ணா" என்றான். அதைத்தான் நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் இருந்தவனுக்கு அந்த வாசம் துளியும் தெரியவில்லை. அவன் மேல் தவறில்லை; ரோட்டண்டோன் வாசம் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தெரிவதே இல்லை.

4. நாக்குக்கு ஐந்து அளவு

இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, மதுவின் சூடு, கனம். எந்த ஒயினாக இருந்தாலும் இந்த ஐந்தையும் இதே வரிசையில் எழுதுங்கள். கனத்துக்கு ஆடை நீக்கிய பாலையும் முழுக் கொழுப்புப் பாலையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தால் போதும். மதுவின் சூடு தொண்டையில் தெரியும்.

நேரம் செலவிட வேண்டியது புளிப்பும் துவர்ப்பும் எங்கே பிரிகின்றன என்பதில்தான். மூன்று டம்ளர் எடுங்கள். முதல் டம்ளரில் புளித்தண்ணீர், வடிகட்டியது. இரண்டாவதில் அதே புளித்தண்ணீருடன் ஒரு கரண்டி சர்க்கரை. மூன்றாவதில் நீலகிரித் தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவைத்து ஆறவிட்ட கட்டி டிகாக்‌ஷன், பாலும் சர்க்கரையும் இல்லாமல்.

முதல் டம்ளரில் ஒரு வாய் எடுத்துத் துப்பிவிட்டுத் தலையைக் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். தாடையின் இரு மூலையிலிருந்தும் எச்சில் ஓடிவரும். அது வரும் வேகம்தான் புளிப்பின் அளவு. இரண்டாவது டம்ளர் புளிப்பே இல்லாதது போலத் தோன்றும், ஆனால் குனிந்தால் எச்சில் அதே வேகத்தில் வரும். இனிப்பு புளிப்பை மறைக்கும், குறைக்காது. மூன்றாவதில் எச்சில் வற்றும். நாக்கை ஈறில் தடவினால் சொரசொரவென்று இருக்கும். அதுதான் துவர்ப்பு.

புளியை எடுத்ததற்கும் காரணம் உண்டு. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலமே திராட்சையிலும் முதன்மையான அமிலம். கார்க்கின் அடியில் சில சமயம் கல்கண்டுத் தூள் மாதிரி ஒட்டியிருப்பது அந்த அமிலத்தின் உப்புதான். கண்ணாடித் தூள் என்று பயந்து பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த விருந்தாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

அறுசுவையில் துவர்ப்புக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறோம். ஆனாலும் பிள்ளைகள் அதைக் கசப்பு என்றே எழுதுகிறார்கள். வாழைப்பூவையும் பாகற்காயையும் நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். இன்னொரு குழப்பம் ‘ட்ரை’ என்ற சொல்லில் வரும். வாய் வறண்டால் ட்ரை என்று நினைக்கிறார்கள். சர்க்கரை மிச்சமில்லாத ஒயினுக்குத்தான் அந்தப் பெயர். துவர்ப்பே இல்லாத வெள்ளை ஒயினும் ட்ரையாக இருக்கும்.

5. பந்தலுக்கு ஒரு நடை

தொண்டாமுத்தூர், மாதம்பட்டி, தீத்திபாளையம் பக்கம் திராட்சைப் பந்தல்கள் இருக்கின்றன. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பன்னீர்த் திராட்சை என்று நாம் சாப்பிடுவது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய வகை. ஒரு பழத்தைத் தோலை உரித்துப் பாருங்கள்: தோல் கருநீலம், சதை வெளிர்பச்சை, சாற்றில் நிறமே இல்லை. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருகின்றன என்பது இங்கே விளங்கிவிடும். படி 7-இன் பாதி இதுதான்.

இரண்டாவதாகக் கவாத்து பற்றிக் கேளுங்கள். குளிர் நாட்டில் கொடி பனிக்காலம் முழுக்க இலையுதிர்த்துத் தூங்கும். நம் ஊரில் அது தூங்குவதே இல்லை. கத்தரிக்கோல் வைத்தால்தான் புதுத் துளிர் வரும், ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து என்று வெட்டி, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். எந்த மாதத்தில் பழுக்க வேண்டும் என்பதை மனிதர் முடிவு செய்கிறார். ஐரோப்பாவில் அதை வெயில் முடிவு செய்கிறது.

மூன்றாவது சர்க்கரை. சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று சொல்லும் பிரிக்ஸ் அளவு, கரும்பு போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. திராட்சைக்கும் அதே அளவுதான். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். பாட்டிலில் 13 சதவீதம் என்று போட்டிருந்தால் சாற்றில் லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை இருந்திருக்க வேண்டும். லேபிளில் உள்ள அந்த ஒரு எண்ணை வைத்தே பழம் எவ்வளவு வெயிலில் பழுத்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

6. திராட்சை வகைகள்: எப்போதும் ஜோடியாக

ஒரு கிளாஸை மட்டும் வைத்துக்கொண்டு இதில் புளிப்பு அதிகமா குறைவா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால் உடனே தெரியும். இதற்காகத்தான் இரண்டு கிளாஸ்.

முதல் ஜோடி சாவின்யோன் பிளாங்க், செனின் பிளாங்க். இரண்டுமே இந்தியாவில் தயாராகிறது, விலையும் தாங்கும். முதலாவதில் கொய்யா, குடமிளகாய், வெட்டிய புல். இரண்டாவது அடக்கமானது. இரண்டாம் ஜோடி ஷிராஸ், கேபர்நே சாவின்யோன். மிளகும் நாவல்பழமும் ஒரு பக்கம், ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு மறுபக்கம். மூன்றாவது, பீப்பாயில் வைத்த ஷார்டனே ஒன்று, வைக்காதது ஒன்று. ஒரே திராட்சை, முறை மட்டும் வேறு. கடைசியாக பினோ நுவார் என்ற சிவப்பு. அதன் நிறம் வெளிறியிருப்பதால் தண்ணீர் கலந்தது என்று புதியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். நிறத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

வெப்பத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடு என்று எழுதியவர்களின் அறை 16, 18 டிகிரி. ஈரோட்டில் சித்திரை மாதம் அறைக்குள் 33 டிகிரி இருக்கும். அப்படியே ஊற்றினால் மது வாசம் மட்டும் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளையைப் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுங்கள். மிகவும் சில்லென்று இருந்தால் வாசம் எழாது.

7. தயாரிப்பு: அடுப்படியில் தெரிந்ததை வைத்து

வெள்ளைக்குச் சாற்றைப் பிழிந்துவிட்டுப் புளிக்க விடுகிறார்கள். சிவப்புக்குத் தோலோடு புளிக்க வைத்துப் பிறகு பிழிகிறார்கள். ரோஸே எனும் இளஞ்சிவப்பு ஒயினுக்குத் தோல் சில மணி நேரம் மட்டும். இந்த ஒரு வரிசை மாற்றம் மனதில் நின்றால் மற்றதெல்லாம் அதன் மேல் உட்காரும்.

இட்லி மாவு கோடையில் ஐந்தாறு மணியில் பொங்கிவிடும், மார்கழியில் விடிந்தாலும் பொங்காது. ஒயினிலும் அப்படியே. வெள்ளையைச் சுமார் 12 முதல் 18 டிகிரிக்குள் மெதுவாகப் புளிக்க விடுவது, பழ வாசம் பறந்துவிடாமல் இருக்க. சிவப்பை அதைவிடச் சூட்டில் விடுவது, தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்க.

மரத்திலிருந்து இறங்கும் பதநீரைச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பிடிக்காவிட்டால் தானாகக் கள்ளாகிவிடும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் செய்யும் வேலை அது. ஒயின் செய்பவர்கள் வேண்டாத நுண்ணுயிரை அடக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். லேபிளில் சல்ஃபைட் என்று இருப்பது அதுதான்.

அதன் பிறகு இரண்டாவது மாற்றம் ஒன்று உண்டு. பாக்டீரியா, கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். அந்த பாக்டீரியாவும் இட்லி மாவைப் பொங்க வைக்கும் லூக்கோனாஸ்டாக்கும் ஒரே பேரினத்தில்தான் முன்பு வைக்கப்பட்டிருந்தன. இந்த மாற்றத்தின்போது டைஅசெட்டைல் என்ற பொருளும் உண்டாகும், அதுதான் வெண்ணெய் வாசம். ஊத்துக்குளி வெண்ணெய் டப்பா எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும். ஏறக்குறைய எல்லாச் சிவப்பிலும் இது நடக்கும், வெள்ளையில் செய்பவர் விரும்பினால்தான்.

நுரை ஒயினுக்கு இரண்டாவது முறை புளிக்க வைக்கிறார்கள்: ஷாம்பெயினில் பாட்டிலுக்குள், ப்ரொசெக்கோவில் பெரும்பாலும் தொட்டியில். போர்ட் என்ற இனிப்பு ஒயினில் பாதிப் புளிப்பிலேயே திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இனிப்பும் மிஞ்சும், ஆல்கஹாலும் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

8. இப்போது வரைபடம்

ஊர்ப் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் மலை எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எந்தக் காற்று என்று மூன்று கேள்வி கேளுங்கள். கொங்கு நாட்டில் வளர்ந்தவருக்கு இந்த மூன்றும் உடம்பிலேயே தெரியும்.

மழை மறைவு. வால்பாறையில் கொட்டும் மழை, மலையிறங்கிப் பல்லடம் வருவதற்குள் தூறலாகிவிடும். பிரான்ஸின் அல்சாஸுக்கு வோஸ்ஜ் மலை அப்படி. அங்கே கோல்மார் நாட்டின் வறண்ட ஊர்களில் ஒன்று, அதனால் பழம் அழுகாமல் நின்று பழுக்கிறது. அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்கு ஆண்டிஸ் மலை. அங்கே மழை மிகக் குறைவு. மலைப்பனி உருகி வரும் வாய்க்கால் தண்ணீரில்தான் விவசாயம். கீழ்பவானி வாய்க்கால் பாசனம் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உயரம். மேட்டுப்பாளையத்தில் வேர்த்துக்கொண்டு பஸ் ஏறி, 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் ஸ்வெட்டர் தேடுவோம். நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி குறைகிறது. மெண்டோசாவின் ஊக்கோ பள்ளத்தாக்கில் 1,000 மீட்டருக்கு மேல் மால்பெக் திராட்சை போடுவதன் காரணம் இதுதான். பகல் வெயிலில் சர்க்கரை ஏறும், இரவுக் குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கும். சூட்டில் வளரும் பழத்தில் மாலிக் அமிலம் சீக்கிரம் குறைந்துவிடும்.

காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து மிஸ்ட்ரால் என்ற காற்று அடிக்கிறது. கொடியை ஒடிக்கும் வேகம்தான், ஆனாலும் இலையை உலர்த்திவிடுவதால் அடிச்சாம்பல் நோய் குறைகிறது.

பார்க்கும் வரிசை: நாசிக், பிறகு நியூசிலாந்தின் மார்ல்பரோ, மெண்டோசா, ரோன், ஸ்பெயினின் ரியோகா, போர்தோ. பர்கண்டி கடைசி. அங்கே சிவப்புக்கு பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டனே என்று பெரும்பாலும் இரண்டே திராட்சைதான், வித்தியாசம் எல்லாம் வயலுக்கு வயல். அடிப்படை பழகாதவருக்கு அந்த நுணுக்கம் பிடிபடாது, விலையும் அதிகம்.

9. லேபிள்

ஈரோட்டு மஞ்சள் என்று வாங்குகிறோம், ரகம் கேட்பதில்லை. ஐரோப்பிய லேபிள்களில் பெரும்பாலும் அந்த வழக்கம். ஷாப்லி என்று ஊர்ப் பெயர் இருந்தால் உள்ளே ஷார்டனே திராட்சை, பரோலோ என்று இருந்தால் நெபியோலோ திராட்சை. திராட்சைப் பெயர் லேபிளில் இருக்காது. மற்ற நாடுகள் பெரும்பாலும் திராட்சைப் பெயரையே முன்னால் போடும். ஊருக்கு எதிரே திராட்சை என்று நோட்டில் இரண்டு பத்தி போட்டு, பத்து ஊர் எழுதிக்கொண்டால் கடையில் தடுமாற மாட்டீர்கள்.

10. கெட்ட பாட்டிலைக் கண்டுபிடிப்பது

நனைந்த சாக்கு வாசம் வந்தால் கார்க் கெட்டது. வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாசம் வந்தால் காற்று புகுந்தது. ஊறுகாய்க் காடி வாசம் வந்தால் வினிகர் ஆகிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் அதிகம் பார்ப்பது நான்காவது வகை, சூடு பட்டது: பழம் வெந்த ஜாம் வாசம், கார்க் மேலே தள்ளியிருக்கும். ஒரு கடையில் மேற்கு வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நிறுத்தியிருந்த பாட்டிலை, விலை குறைவு என்று ஆறு பேர் பணத்தில் வாங்கி ஏமாந்தேன். அதிலிருந்து கார்க் வாயோடு சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் வாங்குவதில்லை. வாங்கியதை காரில் விட்டுவிட்டு ஷாப்பிங் போகாதீர்கள். வீட்டில் ஃபிரிட்ஜின் மேல் வைக்காதீர்கள், அங்கே சூடும் அதிர்வும் உண்டு.

11. நேரில் போவது

இதுவரை முடித்த பிறகு போனால்தான் பலன் உண்டு. கோவை, ஈரோடு, சேலம் எங்கிருந்தும் பெங்களூரு ஒரு நாள் தூரம். அங்கிருந்து நந்தி மலையடிவாரத்தில் தொட்டபள்ளாபுரம் பக்கம் தோட்டங்கள் இருக்கின்றன. நாசிக்குக்கு நான்கு நாள் ஒதுக்குங்கள். பிப்ரவரியில் போனால் அறுவடையைப் பார்க்கலாம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், வண்டி ஓட்ட மது தொடாத ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றிக்காட்டுபவரிடம் பீப்பாய் எண்ணிக்கை கேட்க வேண்டாம். பழத்தை எத்தனை பிரிக்ஸில் பறித்தீர்கள், தோல் எத்தனை நாள் ஊறியது, மாலிக் மாற்றம் நடந்ததா என்று கேளுங்கள். அவர் முகமே மாறும், பேச்சும் மாறும். அனுமதி கிடைத்தால் கொடியிலிருந்து ஒரு பழம் பறித்து வாயில் போடுங்கள். பன்னீரைவிடச் சிறிது, தோல் தடிப்பு, விதை பெரிது. விதையை வெளியே எடுத்துப் பாருங்கள். பச்சையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பேறி, கடித்ததும் வறுத்த கடலை மாதிரி உடைந்தால் மறுநாள் காலை வெட்டு நடக்கும். எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, விடியும் முன்பே போய் நில்லுங்கள்.